தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

கடல் தாண்டி ஒரு குடும்பமே வந்து, முன்பின் தெரியாதவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நான் முதல் நாளே நினைத்தேன். இன்றைக்கு யாராவது அப்படி வந்து நின்றாலும் அப்படித்தான் நினைப்பேன். என் சுபாவம் அது. சும்மா கொடுக்கிறவர்களின் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்தப் பழக்கத்தால் நான் இழந்தது கொஞ்சம், தப்பித்தது நிறைய.

ரங்கூனில் குண்டு விழுந்த மார்கழிக்குப் பிறகு பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றி அனுப்பிக் கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. முழுகாமல் இருந்த என்னை இடித்துத் தள்ளி ஒரு கப்பலில் ஏற்றிவிட்டு, "நான் நடந்தாவது வந்து சேருதேன், நீ அண்ணன் வீட்டுக்குப் போயிரு" என்றார். அவர் நடந்து வந்த வழியில் எந்த மலையில் நின்றுபோனார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அப்போது அவர் வருவார் என்ற நம்பிக்கை இருந்தது. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக் கொண்டு ஓடுவேன்.

அவருடைய அண்ணன் வீடு பனவடலிசத்திரத்தில் இருந்தது. நான் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. அதனால் என் மூத்தார் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக் கொண்டு நின்றார்.

"எந்தம்பிய எங்கன விட்டுட்டு வந்த? வயித்துல இருக்கது யார் பிள்ளைன்னு அவன் வந்து சொல்லட்டும். பொறவு வா" என்றார்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வியாபாரி, பருத்தி மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கி காலியாகக் கிடக்கவே அதைப் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். போக்கிடம் இல்லாதவர்கள் எல்லாம் அங்கேதான் சேர்ந்தோம். சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டு ஆளுக்கொரு தடுப்பு. கூரையெல்லாம் பழைய பஞ்சு ஒட்டிக் கிடக்கும். காற்று அடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தும்முவோம்.

என் சாக்குக்கு அடுத்த பக்கத்தில் ஒரு அக்கா இருந்தாள். ரங்கூனில் இட்லிக்கடை வைத்திருந்தவள். காடு மலை எல்லாம் நடந்தே வந்து இரண்டு பாதமும் புண்ணாகிக் கிடந்தாள். கால்தான் ஓய்ந்திருந்தது, வாய் ஓயவில்லை. கிட்டங்கியில் யார் எதைச் சொன்னாலும் அக்கா அதற்கு ஒரு உள்ளர்த்தம் கண்டுபிடித்துச் சொல்வாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனதற்கு அதுவே காரணம்.

ஆனி மாதம் அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் வந்து இறங்கியது. டாக்டர், அவர் மனைவி, இருபது வயதுப் பெண் ஒருத்தி. டாக்டர் கொழும்பில் பெரிய வேலையில் இருந்தவராம். அங்கேயும் குண்டு விழவும் சொந்த ஊருக்குப் போனார்களாம். அங்கே இருக்கப் பிடிக்காமல் பர்மா அகதிகளுக்கு ஊழியம் செய்யலாம் என்று கப்பல் ஏறி வந்துவிட்டார்களாம். தெற்கு ரதவீதியில் வீடு பிடித்துக் கொண்டு, தினமும் காலையில் மூன்று பேரும் மருந்துப் பெட்டியோடு கிட்டங்கிக்கு வந்துவிடுவார்கள். டாக்டர் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுப்பார். மகள் கட்டுப் போடுவாள். டாக்டரம்மா சீலையை இழுத்துச் செருகிக் கொண்டு சொறி பிடித்த பிள்ளைகளைக் கிணற்றடியில் உட்கார்த்தித் தேய்த்துக் குளிப்பாட்டுவாள்.

ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஜப்பான்காரனுக்கு ஆள் என்றார்கள் சிலர். வேதத்தில் சேர்த்துக் கிறிஸ்தவராக்க வந்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். டாக்டர் நெற்றி நிறைய விபூதி பூசிக் கொண்டு கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்ததும் அந்தக் கதை நின்றது. கடைசி வரை நிற்காத கதை ஒன்றே ஒன்றுதான். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்பது அது. எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் ஊறிப் போனது. கங்காணி என்றால் அன்பாகப் பேசுவான், அரிசி கொடுப்பான், பிறகு கப்பலில் ஏற்றுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர்கள் அன்பாகவும் பேசினார்கள், அரிசியும் கொடுத்தார்கள்.

"கூலி வாங்காம ஒரு டாக்டர் ஏன் வாரான்? யோசிச்சுப் பாரு" என்பாள் அக்கா, அந்த டாக்டரிடமே காலை நீட்டி மருந்து போட்டுக் கொண்ட கையோடு.

நான் டாக்டரிடமே கேட்டுவிட்டேன். "என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்திய?"

அவர் கட்டுத்துணியைச் சுற்றிக் கொண்டே, "வரவேணும் போல இருந்தது" என்றார்.

இப்படி ஒரு பதிலை யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து நான் இன்னும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வந்து கொண்டிருந்த சமயம் எனக்கு வலி எடுத்தது. பிரசவம் பார்த்தது டாக்டரம்மாதான். பெண் பிள்ளை. அவள் குழந்தையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் என்னிடம் கொடுக்கவில்லை. கையில் வைத்துக் கொண்டு பார்த்தபடியே நின்றாள். மகள் மெல்ல, "அம்மா, குடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள். அரை மயக்கத்தில் கிடந்தாலும் அதை நான் பார்த்துவிட்டேன். மறுநாள் குழந்தைக்கு ஒரு சட்டை கொண்டு வந்தாள். புதுச் சட்டை இல்லை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. "எந்த நேரம் பிறந்தது எண்டு நான் குறிச்சு வைச்சிருக்கிறன்" என்றாள்.

என் பிள்ளை பிறந்த நேரம் அவளுக்கு எதற்கு?

அக்கா, இவர்கள் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்றே சொல்லிக் கொண்டிருந்தாள். எனக்கு அன்றோடு அந்தச் சந்தேகம் போய்விட்டது. இவள் ஆள் பிடிக்க வந்தவள் இல்லை, என் பிள்ளைமேல் கண் வைத்திருக்கிறாள் என்று தெரிந்து போனது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கிட்டங்கி முழுக்கப் போய்விடும்.

ரங்கூனில் எனக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. பிறந்து ஒரு வாரத்திலேயே இதற்கும் பால் இறங்கவில்லை, முனகிக் கொண்டே கிடந்தது. அக்கா சாக்கை விலக்கித் தலையை நீட்டினாள்.

"ஏட்டி, ரெண்ட வாரிக் கொடுத்தவ நீ. இத உம்பேர்ல வச்சுக்கிடாத. தவிட்டுக்குக் குடுத்துரு."

எங்கள் தெற்குச் சீமையில் இது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை வேறொருத்திக்கு ஒரு உழக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். வாங்கியவள், "எம் பிள்ளையை எனக்காக வளத்துக் குடு" என்று பெற்றவள் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள். எமன் வந்து தேடினால் அங்கே அவன் தேடுகிறவளின் பிள்ளை இருக்காது. வெறும் தவிட்டுப்பிள்ளை இருக்கும். ஒரு வயது முடிந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக் கொள்ள வேண்டும்.

"யாருக்குக் குடுக்க?" என்றேன். கிட்டங்கியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல் வாரிக் கொடுத்தவர்கள்தான். ஊர்க்காரர்கள் எங்களைத் தொட யோசித்தார்கள்.

"டாக்டரம்மாவுக்குக் குடு. எமன் கடலத் தாண்டிப் போயித் தேடட்டும்" என்றாள் அக்கா. தன் புத்தியைத் தானே மெச்சிக் கொண்டு சிரித்தாள்.

எவளை நினைத்துப் பயந்தேனோ அவளிடமே கொடுக்கச் சொல்கிறாள். ஆனால் பிள்ளை முனகிக் கொண்டிருந்தது. டாக்டரம்மாமேல் எனக்கு இருந்த சந்தேகத்தைவிட எமன்மேல் இருந்த பயம் பெரியது. சரி என்றேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "எங்களுக்கு இந்த வழக்கம் வடிவாத் தெரியாது. நான் தவிடு குடுக்கிறன், இவ பிள்ளையைத் தாறா. பிறகு?"

"பொறவு இவ கைலயே வளக்கக் குடுத்துருங்க. ஒரு வயசு ஆனதும் இவ தவிட்டத் தருவா, நீங்க பிள்ளையத் தரணும். அதுக்கு முந்தி மீட்டா பிள்ளைக்கு ஆவாது" என்றாள் அக்கா.

"தராட்டி?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா சிரித்தாள்.

அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடியில் வைத்துச் செய்தோம். சுளகில் பிள்ளையைக் கிடத்தினேன். அவள் என் முந்தியில் தவிட்டைக் கொட்டிவிட்டு, "தவிட்டைக் குடுத்தன், பிள்ளையை வாங்கினன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தலில் பெரியவர்கள் வாக்குக் கொடுப்பதைப் போல் நிதானமாகச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக் கொண்டாள். உடனே திருப்பித் தர வேண்டும். அவளோ தராமல் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் வந்து, "என்ர பிள்ளையைக் கவனமா வளத்துத் தா" என்று கொடுத்தாள்.

பிள்ளை பிழைத்துக் கொண்டது. தவிட்டாலோ, டாக்டரம்மா எங்கிருந்தோ கொண்டு வந்த டின் பாலாலோ, எனக்குத் தெரியாது. யுத்த காலத்தில் டின் பால் கண்ணில் படாத சரக்கு. வாங்கிய பிள்ளைக்குத்தானே செலவழிக்கிறாள் என்று நினைத்தேன். காலையில் வந்ததும் முதலில் என் சாக்குத் தடுப்புக்குத்தான் வருவாள். மற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது ஒரு குரல், என் பிள்ளையிடம் பேசும்போது வேறு குரல். சாணால் அளந்து அளந்து சட்டை தைத்தாள். "என்ர பிள்ளை வளந்திட்டா" என்பாள். நான் உடனே, "எம் பிள்ள வேகமாத்தான் வளருதா" என்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்படி ஒரு சண்டை, சண்டை என்று சொல்லாமலே நடந்தது. நான் அவளைப் பிள்ளையோடு தனியாக விட்டதே இல்லை. குளிக்கப் போனாலும் பிள்ளையைக் கிணற்றடிக்குத் தூக்கிக் கொண்டே போவேன்.

ஐப்பசியில் டாக்டர் எல்லோருக்கும் அம்மை குத்த வேண்டும் என்றார். அன்று கிட்டங்கியே கலைந்து போனது. கண்டிக்குப் போனவர்களின் கதை எங்களுக்குத் தெரியும். மண்டபம் கேம்பில் கையில் அம்மை குத்தித்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அதனால் டாக்டர் ஊசியை எடுத்ததும் அக்கா, "பாத்தியளா, நான் சொல்லல? கப்பலுக்குக் குறி போடுதாவ!" என்று கத்தினாள். பர்மாவிலிருந்து நடந்து வந்த கால்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்தன. பாதிப் பேர் கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் போய்விட்டார்கள், மீதிப் பேர் வாசலுக்கு வெளியே போய் நின்றார்கள். புண் ஆறாத அக்காகூட ஓடினாள். டாக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி நடுக் கிட்டங்கியில் தனியாக நின்றார். பிறகு தன் சட்டையைச் சுருட்டித் தன் கைத் தழும்பைக் காட்டினார். வாசலில் நின்று அதைப் பார்த்த ஒருவர், "அப்ப உம்மயும் யாரோ பிடிச்சிட்டுப் போயிருக்கான்வே!" என்றார். ஓடியவர்கள் இரவில் பசி எடுத்த பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஓடாமல் உள்ளேயே இருந்தது நான் ஒருத்திதான். தோட்டத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்ற பயம் எனக்கு இல்லை. எனக்கு இருந்தது வேறு பயம். என் கையில் குத்திக் கொண்டேன். பிள்ளைக்குக் குத்தவிடவில்லை.

"பிள்ளைக்குத்தான் முக்கியம்" என்றாள் டாக்டரம்மா.

"யாருக்கு முக்கியம்? கப்பல்காரனுக்கா?" என்றேன்.

அவள் முகம் சட்டென்று மாறியது. கோபமா, மாட்டிக் கொண்ட முகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்து, ஊரில் இரண்டு தெருவில் அம்மை விளையாடுகிறது என்று கேட்ட பிறகு நானே பிள்ளையை எடுத்துக் கொண்டு போய்க் குத்த வைத்தேன். குத்தி முடிக்கும் வரை பிள்ளையை என் மடியைவிட்டு எடுக்கவில்லை.

கார்த்திகையில் என் மூத்தார் வந்து சேர்ந்தார். பிள்ளை பிறந்த சேதி சொல்லியனுப்பியபோது எட்டிப் பார்க்காத மனிதர், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக் கொண்டு வந்து கிட்டங்கி வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"எங்க வம்சத்துப் பிள்ளைய இலங்கைக்காரிக்கு வித்துட்டியாமே! கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

எனக்கு வந்த கோபத்தில் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக் கொண்டு அவருக்கு நேரே போய் நின்றேன். "யாரு பிள்ளைன்னு அவுக வந்து சொல்லட்டும்னு சொன்னியளே அத்தான். அவுக வந்து சொல்லிட்டாவளா?"

கூட வந்த ஆள் சிரித்துவிட்டார். மூத்தார், "அதுக்காவ விக்கலாமா?" என்றார். பிள்ளையின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். அதன் நெற்றி அவருடைய நெற்றியைப் போலவே இருந்தது. அதோடு திரும்பிவிட்டார். ஆனால் போகும்போது அவர் கேட்ட ஒரு கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. "அவ ஊருக்குப் போயிட்டா, தவிட்ட யார்ட்ட போயித் திருப்பிக் குடுப்ப?"

அக்காவும் நானும் எமனை ஏமாற்றுவதற்குக் கடல் தாண்டியவளாகப் பார்த்துப் பிடித்தோமே தவிர, அவள் மறுபடியும் கடல் தாண்டிப் போய்விடுவாள் என்பதை யோசிக்கவே இல்லை. எந்த ஊரிலும் தவிட்டுப்பிள்ளையை அடுத்த தெருக்காரிக்குத்தான் கொடுப்பார்கள். மீட்க வேண்டுமே! சாட்சி வைத்து, ஊரறியச் சொல்லி வாங்கியிருக்கிறாள். மீட்கும் வரை அது அவள் பிள்ளைதான். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இரண்டைப் புதைத்தவளுக்கு இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

மார்கழியில் ஒருநாள் மருந்துப் புட்டிகளைக் கழுவிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் முழுவதும் குழந்தைச் சட்டைகள், ஒரு சின்னத் தலையணை, ஒரு கிலுகிலுப்பை. அகதிகளுக்கு ஊழியம் செய்ய வந்தவளின் பெட்டியில் இதெல்லாம் எதற்கு? அப்போது மகள் உள்ளே வந்தாள். என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பியின்ர" என்றாள். "எனக்குப் பிறகு வருசக்கணக்கா இல்லாமல் இருந்து பிறந்தவன். குண்டு போட்ட நேரம் எல்லாரும் கொழும்பை விட்டு ஓடினம். வழியில காய்ச்சல் வந்தது. அப்பா பக்கத்திலதான் இருந்தவர். ஒரு மருந்தும் கையில இல்லை."

பாவம் என்று இருந்தது. ஆனால் இரக்கம் வந்த கையோடு சந்தேகமும் வந்து உட்கார்ந்து கொண்டது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு டாக்டர் சொல்லாத பதில் அந்தப் பெட்டியில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி, பிள்ளை வைத்திருக்கிற இடமாகப் பார்த்து வந்திருக்கிறாள். இதைவிட ஒருத்தியைச் சந்தேகப்பட வேறு என்ன வேண்டும்?

தை பிறந்ததும் கிட்டங்கிக்காரர் பருத்தி வரப் போகிறது, காலி செய்யுங்கள் என்றார். ஆட்கள் ஒவ்வொருவராகச் சொந்தபந்தம் தேடிப் போனார்கள். அக்காவுக்கு ராஜபாளையத்தில் ஒரு இட்லிக்கடையில் வேலை கிடைத்தது. அவள் என்னையும் கூப்பிட்டாள். டாக்டர் குடும்பமும் ஊருக்குப் புறப்படுகிறது என்று தெரிந்தது. டாக்டரம்மா என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீயும் பிள்ளையும் எங்களோட வாங்கோவன். உன்ர மனுசன் வரும் மட்டும் அங்க இருக்கலாம்."

நான் எதிர்பார்த்துக் கொண்டிருந்த பேச்சு இதுதான். முதலில் அங்கே இருக்கலாம் என்பாள். பிறகு நான் வேலைக்காரி, அவள் தாய். "நான் வரல. எனக்கு எம் பிள்ளைய மீட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"ஒரு வயசு முடியேல்லையே" என்றாள்.

"நீங்க இருக்க மாட்டியளே."

"முடியாமல் மீட்டால் பிள்ளைக்கு ஆகாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

எங்கள் வழக்கத்தை எங்களிடமே திருப்பிப் பேசினாள். எனக்குப் பற்றிக் கொண்டு வந்தது. மறுநாள் ஊர் அரிசி ஆலையில் கேட்டு ஒரு உழக்குத் தவிடு வாங்கினேன். அக்காவையும் கூட்டிக் கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். டாக்டரும் மகளும் கூடத்தில் இருந்தார்கள். டாக்டரம்மா தவிட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக் கொண்டாள்.

"வாங்கிக்கிடுங்க" என்றேன்.

"மாட்டன்."

நான் இத்தனை மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததை வாய்விட்டுக் கேட்டேன். "எம் பிள்ளையக் கொண்டு போயிரணும்னு நெனச்சியளா, இல்லயா? உண்மையச் சொல்லுங்க."

மகள் தலையைக் குனிந்து கொண்டாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"நினைச்சனான்" என்றாள். "நேற்றும் நினைச்சனான். பெட்டி கட்டேக்க இவளின்ர சட்டையளையும் வைச்சுக் கட்டினனான். பிறகு அவிழ்த்து எடுத்தனான். பிறகும் வைச்சனான்."

என் சந்தேகம் சரிதான் என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம் வந்தது. பைத்தியம் இல்லை நான், கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது என்ற சந்தோஷம். அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவள் அழவில்லை. நின்ற இடத்தில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக் கொண்டாள். நான் தவிட்டுப் பையை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

டாக்டர் எழுந்து அவள் பக்கத்தில் போய், "குடுத்துப் போடும்" என்று மட்டும் சொன்னார்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். "எப்பிடிச் செய்யவேணும்? வடிவாச் சொல்லு. பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

அக்காவும் அன்று வாயைக் குறைத்துக் கொண்டுதான் பேசினாள். "வாங்குனவ ஊர விட்டுப் போனா முந்தியே மீட்டாலும் தப்பில்ல. நீங்க பிள்ளையச் சொளவுல போடணும். இவ தவிட்ட உங்க முந்தியில போடுவா. பொறவு நீங்க நடந்து போயிரணும். உங்க ஊர் எல்லை தாண்டுத வரைக்கும் பிள்ளையத் திரும்பிப் பாக்கப்படாது. பாத்தா அது உங்க பின்னாலயே ஏங்கிப் போயிரும். தங்காது."

"என்ர ஊர் எல்லை எது?"

அக்கா திகைத்துப் போனாள். எங்கள் வழக்கத்தில் எல்லை என்றால் தெருமுனை, மிஞ்சிப் போனால் ஊர்க்கிணறு. "உங்களுக்குக் கடல்தாம்மா" என்றாள் தயங்கித் தயங்கி.

"சரி" என்றாள் டாக்டரம்மா.

மறுநாள் காலை, ரயிலுக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டேஷன் வாசலில் இருந்த வேம்படியில் வைத்துச் செய்தோம். பிள்ளைக்கு அப்போது ஆள் தெரியும். டாக்டரம்மா கைக்குப் போனதும் அவள் தோட்டைப் பிடித்து இழுத்தது. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுச் சுளகில் கிடத்தினாள். நான் அவள் முந்தியில் தவிட்டைக் கொட்டி, "தவிட்டக் குடுத்தேன், எம் பிள்ளைய வாங்குனேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முந்தியை முடிந்து இடுப்பில் செருகிக் கொண்டு, திரும்பி, பிளாட்பாரத்தை நோக்கி நடந்தாள்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் விடவில்லை. இவள் பார்ப்பாள் என்று நினைத்தேன். ஆசைப்பட்டவள், பார்க்காமல் போவாளா? பார்த்துவிட்டால் என் பிள்ளை என்ன ஆகும்? அவள் முதுகையே பார்த்துக் கொண்டு, பிள்ளையின் முகத்தை என் தோளில் அழுத்திக் கொண்டு நின்றேன். வாசலைத் தாண்டினாள். திரும்பவில்லை. ரயில் வந்தது. மூன்று பேரும் ஏறினார்கள். டாக்டரும் மகளும் ஜன்னல் வழியே கை காட்டினார்கள். அவள் எதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை என் தோளில் இருந்து தலையைப் பிடுங்கிக் கொண்டு அந்த ஜன்னலைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் தன்னைக் குளிப்பாட்டும்போது போடுகிற அதே சத்தம் போட்டுக் கத்தியது. அது அவளுக்குக் கேட்டது. தோள் அசைந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. பிளாட்பாரத்துக்குள் ஓடினேன். ஜன்னலுக்கு நேரே பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு, "பாத்துக்கிடுங்கம்மா! ஒண்ணும் ஆவாது, ஒரு தடவ பாத்துக்கிடுங்க!" என்று கத்தினேன். பின்னால் நொண்டி நொண்டி ஓடிவந்த அக்கா, "ஏட்டி, கோட்டிக்காரி, என்ன செய்த!" என்று என் சீலையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. ரயில் நகர்ந்தது, கூடவே நடந்தேன்.

டாக்டரம்மா எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டித் தடவித் தடவி, ஜன்னலின் மரக்கதவை இறக்கி மூடினாள்.